கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊர், ஆலை, பெயர் எதுவும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 46. செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையின் எடைமேடையில், லாரிக்காரர்கள் ‘தீம்பாங்’ என்கிறார்களே அங்கே, 19 வருடம் 7 மாதமாகக் கிராணி (எழுத்தர்) வேலை. சம்பளம் 2,190 வெள்ளி (ரிங்கிட்). போன வருடம் வரை நான்கு பேர் ஷிப்ட் மாற்றி மாற்றிப் பார்த்த வேலை அது. இப்போது மேடையைச் சுற்றிக் கேமரா, லாரிக் கண்ணாடியில் ஒட்டிய அட்டையைத் தானே படிக்கும் கருவி, டிரைவரே திரையைத் தொட்டுச் சீட்டு எடுத்துக்கொள்ளும் ஒரு பெட்டி, எல்லாம் வந்துவிட்டன. இரண்டு பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது இவரும், இவர் வேலை கற்றுக்கொடுத்த, சேர்ந்து 4 வருடமே ஆன ஒரு தம்பியும்தான்.

போன வாரம் அலுவலகத்தில் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். “இதில் கையெழுத்துப் போட்டால் இரண்டு மாதச் சம்பளம் அன்பளிப்பு. இல்லையென்றால் பகாங்கில் உள்ள ஆலைக்கு மாற்றல். அதுவும் வேண்டாமென்றால் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கப் போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.”

கணவர் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் கால்விரல் இரண்டை எடுத்த பிறகு வீட்டோடு இருக்கிறார். குடியிருப்பது இவருடைய வேலைக்காகக் கொடுத்த தோட்ட வீடு. மகள் இந்த வருடம் எஸ்பிஎம் என்கிற பள்ளி இறுதித் தேர்வை எழுத வேண்டியவள், “நான் படிப்பை விட்டுட்டு கையுறை ஃபேக்டரிக்குப் போறேன்மா” என்கிறாளாம். கடிதத்தின் கடைசியில் கேள்விகளை எண் போட்டே எழுதியிருக்கிறார். இயந்திரத்தைக் கொண்டுவந்து ஆளை அனுப்புவது சட்டப்படி சரியா? கம்ப்யூட்டர் எனக்கு வராதது என் தப்புதானே? பங்களாதேஷ் ஆட்களை வைத்துக்கொண்டு என்னை எப்படி அனுப்பலாம்? கையெழுத்துப் போட்டுவிட்டால் வீட்டையாவது விட்டுவைப்பார்களா? இபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்துச் சாப்பாட்டுக் கடை போடலாமா?

வணக்கம் சகோதரி. நீங்கள் எழுதிய வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் உங்கள் கையில் இருப்பது சில நாள்தான். வெள்ளிக்கிழமை அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது

தாளின் தலைப்பை நீங்களே பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்: ‘சூராட் பெர்லெத்தாக்கான் ஜாவாத்தான்’. ‘நிறுத்துகிறோம்’ என்று நிறுவனம் உங்களுக்குக் கொடுக்கும் கடிதம் இல்லை அது. ‘நானாக விலகிக்கொள்கிறேன்’ என்று நீங்கள் நிறுவனத்துக்குக் கொடுக்கும் கடிதம். இரண்டுக்கும் நடுவில் உங்கள் 19 வருடமும் இருக்கிறது. வேலை இல்லாமல் போனதால் நிறுவனம் உங்களை அனுப்பினால் அது ஆட்குறைப்பு, அதற்கு நஷ்டஈடு உண்டு, முன்னறிவிப்பு உண்டு, பெர்கேசோ (சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் பணம் உண்டு. நீங்களாக விலகினால் இவை எதுவும் இல்லை. நல்ல மாதிரியாகப் பேசி அனுப்பினார்கள், தேநீர்கூடக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பேசியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அந்தத் தாள் உங்களுக்கு நல்லதல்ல.

இதைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எங்கள் தோட்டத்தில் மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்ட வருடம், பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிந்ததும் எல்லாரையும் ஆபீஸ் வாசலில் வரிசையில் நிறுத்தினார்கள். மேசையில் ஊதா மைப்பெட்டி. சம்பள நாளில் கைநாட்டு வைத்துப் பழகிய அம்மா அன்றைக்கும் வைத்தார், விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அடுத்த மாதம்தான் தெரிந்தது. அந்தக் கைலியில் இருந்த ஊதாக் கறை எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. உங்களுக்கு வாசிக்கத் தெரியும், கேட்கவும் தெரிந்திருக்கிறது. அதனால் உங்கள் கதை வேறு மாதிரி போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

அப்படியானால் இயந்திரம் வைத்து ஆளைக் குறைப்பது சட்ட விரோதமா? இல்லை. இந்த இடத்தில் உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழிலை எப்படி நடத்துவது, எத்தனை பேரை வைத்து நடத்துவது என்பதை முடிவு செய்யும் உரிமை முதலாளிக்கு உண்டு என்று நம் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 1997ல் வில்லியம் ஜாக்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த விளக்கத்தின்படி, தண்டனையாக அல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காகவும் உபரி ஆட்களை விடுவிப்பது ஆட்குறைப்பு. இயந்திரம் வந்ததும் அந்தக் காரணங்களில் ஒன்று. ஆனால் அது உண்மையான காரணமாக இருக்க வேண்டும், ஆளைப் பிடிக்காமல் அனுப்பிவிட்டு இயந்திரத்தின்மேல் பழி போடக் கூடாது, செய்யும் முறையும் நேர்மையாக இருக்க வேண்டும். உங்கள் ஆலையில் கேமராவும் கருவியும் உண்மையிலேயே வந்திருக்கின்றன, இரண்டு வேலை உண்மையிலேயே போயிருக்கிறது. அதனால் ‘என்னை நிறுத்தியதே தப்பு’ என்று வழக்காடி வேலையைத் திரும்ப வாங்குவது சுலபம் என்று நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். அனுப்பும் முறைதான் இங்கே தப்பாக இருக்கிறது.

நிறுவனம் ஆட்குறைப்புச் செய்வதாக இருந்தால் குறைந்தது 30 நாளைக்கு முன்பு தொழிலாளர் இலாகாவுக்கு ‘பிகே’ பாரத்தை நிரப்பி அனுப்பியிருக்க வேண்டும். ‘பிகே பாரம் அனுப்பிவிட்டீர்களா?’ என்று அலுவலகத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். எல்லாரும் ‘தாமாகவே விலகிவிட்டார்கள்’ என்றால் அந்தப் பாரமும் வேண்டாம், நஷ்டஈடும் வேண்டாம். அந்தத் தாளை ஏன் இவ்வளவு அவசரமாக நீட்டினார்கள் என்பது இதிலேயே விளங்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1980ஆம் வருடத்துப் பணிநீக்க நஷ்டஈட்டு விதிகளின்படி, ஒரே முதலாளியிடம் 5 வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம். 2 வருடத்துக்குக் குறைவு என்றால் 10 நாள், 2 முதல் 5 வருடத்துக்குள் என்றால் 15 நாள். மாதம் 4,000 வெள்ளிக்கு உட்பட்டவர்களுக்கு இது பொருந்தும், நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். ஒரு நாள் சம்பளம் என்பது கடைசி 12 மாதத்துச் சராசரி. 2,190ஐ 12ஆல் பெருக்கினால் 26,280. அதை 365ஆல் வகுத்தால் நாளுக்கு 72 வெள்ளி. 20 நாளுக்கு 1,440. அதை 19 வருடத்துக்குப் பெருக்கினால் 27,360, மிச்சமுள்ள 7 மாதத்துக்கு 840. மொத்தம் 28,200 வெள்ளி. வேலை முடிந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் கையில் கொடுக்க வேண்டும்.

அது போக முன்னறிவிப்பு. 5 வருடத்துக்கு மேல் இருந்தவருக்குக் குறைந்தது 8 வாரம். வேலையில் வைத்துக்கொள்ளாமல் உடனே அனுப்பினால் அந்த 8 வாரத்துக்கான பணத்தைத் தர வேண்டும், உங்கள் கணக்கில் ஏறத்தாழ 4,000 வெள்ளி. ‘அன்பளிப்பு’ என்று அவர்கள் சொன்ன இரண்டு மாதச் சம்பளம் 4,380. முன்னறிவிப்புக்குச் சட்டப்படி தர வேண்டியதையே அன்பளிப்பு என்று பெயர் வைத்துக் கொடுத்துவிட்டு, 28,200ஐ உங்கள் கையாலேயே வேண்டாம் என்று எழுதி வாங்கப் பார்க்கிறார்கள்.

அப்புறம் பெர்கேசோ. சம்பளச் சீட்டில் எஸ்ஐபி என்று சில வெள்ளி பிடித்திருப்பார்களே, 2018 ஜனவரியில் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம் அது. வேலை போனவர் வேறு வேலை தேடும் காலத்தில் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாவது மாதம் 50, மூன்றாவதும் நான்காவதும் 40, ஐந்தாவதும் ஆறாவதும் 30 என்று 6 மாதம் வரை கொடுக்கிறார்கள். உங்கள் சம்பளத்துக்கு ஆறு மாதமும் சேர்ந்தால் 5,900ஐ ஒட்டி வரும். இடையில் வேலை கிடைத்தால் மிச்சத் தொகையில் 25 விழுக்காட்டை மொத்தமாகத் தருவார்கள், அதனால் சீக்கிரம் வேலைக்குப் போனால் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். பயிற்சிக்குப் போனால் கட்டணம் 4,000 வெள்ளி வரை அவர்கள் கட்டுகிறார்கள். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக விலகியவருக்கு இதில் ஒரு காசு கிடையாது.

நான் போட்டது 2,190ஐ வைத்து மட்டும். ஓவர்டைம் வாங்கிய மாதங்கள் இருந்தால் தொகை இன்னும் கூடலாம், அதனால் 12 மாதச் சம்பளச் சீட்டையும் தேடி ஒரு உறையில் போட்டு வையுங்கள். நீங்கள் ‘அமேசு’ என்கிற தோட்ட அலுவலகப் பணியாளர் சங்கத்தில் உறுப்பினரா இல்லையா என்று கடிதத்தில் இல்லை. உறுப்பினராக இருந்தால் சங்கத்துக்கும் ஆலைக்கும் உள்ள கூட்டு ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான், ஒப்பந்தத்தில் அதற்கு மேலும் இருக்கலாம்.

கம்ப்யூட்டர் வராதது தப்பா?

இந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் அதே கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பழம் அதிகமாக வந்த ஒரு மாதத்தில் ராத்திரி சிஸ்டம் நின்றுபோக, 61 லாரிக்கும் வந்த எடை, போன எடை இரண்டையும் கையால் எழுதி, மறுநாள் காலையில் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு கிலோகூட வித்தியாசம் இல்லாமல் கணக்கை ஒப்படைத்தீர்கள். இதைச் செய்தவருக்குக் கம்ப்யூட்டர் வராது என்று யார் சொன்னது? புதுப் பெட்டியை எப்படி இயக்குவது என்று உங்களுக்கு யாரும் ஒரு மணி நேரம்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆள் பயிற்சிக்கென்று நிறுவனங்கள் சம்பளப் பட்டியலில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப் என்கிற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாகக் கட்டுகின்றன, 2021லிருந்து தோட்டத் துறையும் அதில் சேர்ந்திருக்கிறது. உங்களுக்குப் பயிற்சி கொடுக்க அந்தப் பணத்தை எடுத்திருக்கலாம். அதைக் கேட்க இப்போதும் நேரம் கடந்துவிடவில்லை.

இயந்திரம் ஏன் உங்கள் அறைக்கு முதலில் வந்தது என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். நம் ஆட்களுக்கு இது புதுசு இல்லை. பால்மரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் உளியோடு ஆள் போயாக வேண்டும். செம்பனைக்கு ஒரு சுற்று வெட்டினால் அடுத்த சுற்றுக்கு 10, 15 நாள் ஆகும். இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று செம்பனை முதலில் நடப்பட்டது 1917ல், உங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். பிற்பாடு தோட்டம் தோட்டமாகப் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனையை வைத்தபோது ஆள் தேவை குறைந்தது. நம் தோட்டங்களில் ஆளைக் குறைத்த முதல் ‘இயந்திரம்’ ஒரு மரம்தான் என்று நான் சொல்வதுண்டு. அப்போது போனது வெயில் வேலை, மழை வேலை. அதைப் பார்த்துத்தான் நம் அப்பா அம்மா ‘படி, படித்தால் ஃபேன் காற்றில் உட்கார்ந்து கிராணி வேலை பார்க்கலாம்’ என்று நம்மைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினார்கள்.

இப்போது தலைகீழாக இருக்கிறது. நெட்டைச் செம்பனை மரத்தின் உச்சியில், மட்டை இடுக்கில் இருக்கும் குலையை நீளக் கழியில் கட்டிய அரிவாளால் வெட்டி இறக்குவதற்கு இன்னும் ஆள் வேண்டும். செம்பனை வாரியம் ‘காந்தாஸ்’ என்ற மோட்டார் அரிவாளைக் கொண்டுவந்தது, அதைப் பிடிக்கவும் ஆள் வேண்டும். மேடும் பள்ளமுமாக இருக்கிற காட்டில் புல்லுக்குள் கிடக்கும் உதிரியைப் பொறுக்குவது இயந்திரத்துக்குப் பெரும்பாடு. கோவிட் காலத்தில் எல்லையை மூடியபோது வெட்ட ஆளில்லாமல் பழம் மரத்திலேயே அழுகியது உங்களுக்கே தெரியும். ஆனால் தட்டையான மேடையில் வந்து நிற்கும் லாரியின் எடையைப் படிப்பதும், நம்பரைப் பதிவதும், சீட்டை அச்சடிப்பதும் இயந்திரத்துக்கு மிகச் சுலபம். அதனால்தான் கஷ்டமான வேலை மனிதருக்கு நின்றது, சுலபமான வேலை போனது. உங்களுக்கு உதிரி பொறுக்கும் வேலையை நீட்டியதற்குக் காரணமும் இதுதான். இதில் உங்கள் மூளைக்கோ வயதுக்கோ ஒரு சம்பந்தமும் இல்லை.

எடைமேடைக் கிராணியின் வேலை எடை பார்ப்பது மட்டுமா? எந்த லாரி தண்ணீர் தெளித்த உதிரியோடு வரும், எந்த டிரைவர் காலி எடை போடும்போது மட்டும் ஸ்பேர் டயரை இறக்கி வைத்துவிட்டு வருவார், எந்தச் சிறுதோட்டக்காரருக்கு லைசென்ஸ் காலாவதி ஆகப்போகிறது, யார் தோட்டத்தில் மரம் வயதாகிவிட்டதால் இந்த மாதம் பழம் குறையும், இதெல்லாம் உங்கள் தலையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மேடையில் ஏறிய எடையை இயந்திரம் சொல்லும், ஏறிய மணலை அது சொல்லாது. 2020லிருந்து எம்எஸ்பிஓ என்கிற நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் கட்டாயம் ஆன பிறகு, பழம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று ஆலைகள் பின்னோக்கித் தடம் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குச் சிறுதோட்டக்காரர்களை முகம் தெரிந்த ஒருவர் வேண்டும், கணக்கும் தெரிந்தவராக இருக்க வேண்டும். ‘என்னை அந்தப் பதிவு வேலைக்குப் பயிற்சி கொடுத்து மாற்றுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். இவர்கள் மறுத்தாலும், பக்கத்தில் பழம் வாங்கும் ஏஜெண்டுகள், கூட்டுறவுகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே தலைவலிதான்.

பகாங் மாற்றல், வெளிநாட்டு ஆட்கள், அந்தத் தம்பி

மாற்றலை வாயால் ‘முடியாது’ என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கடிதத்தில், நிறுவனத்தின் வேறு ஆலைக்கு மாற்றலாம் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அந்த வரி இருந்து, சம்பளமும் மற்றதும் குறையாமல் வேலை கொடுத்தால், காரணமில்லாமல் மறுப்பவருக்கு நஷ்டஈடு போய்விடக்கூடும். அதனால் எந்த ஆலை, என்ன வேலை, எவ்வளவு சம்பளம், வீடு உண்டா, எப்போது போக வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்த பிறகு, கணவரின் புண்ணுக்கு மருந்து கட்டப் போகும் கிளினிக், மகளின் தேர்வு, இரண்டையும் காரணமாக எழுதலாம். அது நியாயமான காரணம் என்றுதான் நான் வாதாடுவேன், ஆனால் எதிர்த்தரப்பும் பேசும் என்பதை மறக்க வேண்டாம். உதிரி பொறுக்கும் வேலை வேறு கதை. 19 வருடம் கிராணியாக இருந்தவரைக் கூலிக் கணக்கில் காட்டுக்கு அனுப்புவது தாழ்வான வேலை, தாழ்வான நிபந்தனை, அதை மறுப்பதற்காக உங்கள் நஷ்டஈட்டில் கை வைக்க முடியாது.

வெளிநாட்டவர் விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. வேலைச் சட்டத்தின் 60-என் பிரிவு, ஆட்குறைப்பில் உள்ளூர்க்காரரை அனுப்பும் முன் அதே மாதிரி வேலையில் உள்ள வெளிநாட்டவரை அனுப்ப வேண்டும் என்கிறது. ‘அதே மாதிரி வேலை’ என்பதுதான் முக்கியம். உங்கள் ஆலையில் உள்ள பங்களாதேஷ் தம்பிகள் பழம் கொட்டும் இடத்திலும் கொதிகலன் பக்கமும் நிற்கிறவர்கள், எடைமேடையில் யாரும் இல்லை. இந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. அவர்கள்மேல் கோபம் வேண்டாம் சகோதரி, உங்கள் இடத்தை எடுத்தது அவர்கள் இல்லை.

கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற வழக்கம்தான் உங்களுக்கு உதவக்கூடியது. 1975ஆம் வருடத்துத் தொழில் இணக்க நடத்தை விதித்தொகுப்பில் இருக்கிறது, நீதிமன்றமும் மதிக்கிறது. அதை மீறவே கூடாது என்றில்லை, ஆனால் மீறினால் நிறுவனம் நியாயமான காரணம் காட்ட வேண்டும். ‘அவனுக்குப் போன மாதம்தான் பிள்ளை பிறந்தது, நான் வாயைத் திறந்தால் அவன் வேலை போகுமே’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். சட்டம் உங்களுக்குக் கொடுக்கிற உரிமையைச் சொல்வது என் கடமை, அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பது உங்கள் மனசு. நஷ்டஈட்டை முழுசாக வாங்கிக்கொண்டு போவதாக முடிவு செய்தால் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம், நஷ்டஈடு வாங்க அது தேவையும் இல்லை. வேலையில்தான் இருக்க வேண்டும் என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்படி வழக்குப் போவதானால் வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும், 61ஆவது நாள் யாரும் கேட்க மாட்டார்கள். பெர்கேசோவுக்கும் 60 நாள்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு அலுவலகம், ஒன்றில் கொடுத்தால் இன்னொன்றில் கொடுத்ததாக ஆகாது. நஷ்டஈடே கொடுக்காமல் இழுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள், அதற்கு வக்கீல் வேண்டாம், செலவும் இல்லை.

வீடு

கையெழுத்துப் போட்டால் வீட்டை விட்டுவைப்பார்கள் என்று யாராவது எழுத்தில் சொன்னார்களா? சொல்லவில்லை. அப்படியானால் அது உங்கள் நம்பிக்கை மட்டும்தான். வேலைக்காகக் கொடுத்த வீடு வேலையோடு சேர்ந்தது, எத்தனை வருடம் இருந்தாலும் சொந்தமாகாது. இந்த உண்மையை மென்று விழுங்க நான் விரும்பவில்லை. ஆனால் சாவியைக் கொடுக்கும் நாளைப் பேசி முடிவு செய்யலாம். விலகல் கடிதம் வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தேவை, பேரம் பேச உங்களிடமும் ஒன்று இருக்கிறது. மகள் எஸ்பிஎம் முடிக்கும் வரை, அதற்கு மேல் 3 மாதம் என்று கேளுங்கள், ஒப்புக்கொண்டால் தேதி போட்டு எழுத்தில் வாங்குங்கள். யாராவது வந்து தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவோம் என்று மிரட்டினால் அன்றைக்கே போலீஸ் ரிப்போர்ட் செய்துவிட்டு எனக்கோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ தெரிவியுங்கள்.

கடை போடுவதைப் பற்றி

இபிஎஃப் பணத்தை வேலை போய்விட்டது என்பதற்காக மொத்தமாக எடுக்க முடியாது. 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஃப்லெக்சிபெல் கணக்கில் உள்ளதை எப்போதும் எடுக்கலாம், செஜாத்தெரா கணக்கில் உள்ளது 50 வயதில், முழுப் பணம் 55ல். உங்களுக்கு 46. அதனால் கைக்குக் கிடைப்பது கொஞ்சம்தான், அதையும் தொட வேண்டாம் என்பேன்.

நீங்கள் சமைப்பதில் கெட்டிக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் நஷ்டஈட்டில் கடை போடுவதானால் முழுப் பணத்தையும் போடாதீர்கள். குறைந்தது 6 மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, காலையில் மட்டும் மேசை போட்டு இட்லி, நாசி லெமாக் விற்றுப் பாருங்கள், மூன்று மாதத்தில் ஓடுமா ஓடாதா என்று தெரிந்துவிடும். முதலுக்கு டெக்குன் நேஷனல் இந்தியத் தொழில்முனைவோருக்குத் தரும் ஸ்பூமி கடன், அமானா இக்தியார் என்கிற சிறுகடன் நிறுவனம் இந்தியப் பெண்களுக்கென்று 2024ல் தொடங்கிய ‘பெண்’ திட்டம், இரண்டையும் விசாரியுங்கள். ஆலை மூடப்போகிறதா, ஆள் குறைகிறதா என்பதையும் பாருங்கள், ஏனென்றால் உங்கள் கடைக்கு வரப்போகிறவர்கள் அதே லாரிக்காரர்கள்தான்.

ஒன்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். கணவர் லாரி ஓட்டிய காலத்தில் அவருக்கும் சொக்சோ சந்தா கட்டியிருப்பார்கள். 60 வயதுக்குள் நோயால் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாமல் போனவருக்கு இயலாமைப் பென்ஷன் இருக்கிறது, சந்தா போதுமான அளவு இருந்து மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால் மாதாமாதம் வரும். விரலை எடுத்த ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு பெர்கேசோ அலுவலகத்துக்குப் போய் ஒரு முறை கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமலே விட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகளிடம், தேர்வை எழுதச் சொல்லுங்கள். கையுறைத் தொழிற்சாலையிலும் அச்சிலிருந்து கையுறையை உருவுவதற்கும் அடுக்குவதற்கும் இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது. படிப்பை விட்டுவிட்டு, அடுத்துப் போகப்போகிற ஒரு வேலையில் போய் நிற்க வேண்டாம்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். தனியாகப் போகாதீர்கள், கணவரால் நடக்க முடியாது என்றால் சங்கப் பொறுப்பாளர் ஒருவரையோ மகளையோ கூட்டிக்கொண்டு போங்கள். சேர்ந்தபோது கொடுத்த கடிதம், சம்பளச் சீட்டுகள், எல்லாவற்றையும் முன்பே படமெடுத்து வையுங்கள். சத்தம் போட வேண்டாம், அழவும் வேண்டாம். கையெழுத்துப் போட வற்புறுத்தினால் தாளின் கீழே தேசிய மொழியில் இப்படி எழுதுங்கள்: ‘சாயா பெலும் பெர்செத்துஜு உந்தோக் மெலெத்தாக் ஜாவாத்தான். சாயா மொஹோன் சாலினான் சூராட் இனி.’ நான் விலக இன்னும் சம்மதிக்கவில்லை, இந்தக் கடிதத்தின் நகல் வேண்டும் என்று பொருள். தேதியைப் போடுங்கள், பெயரை மட்டும் எழுதுங்கள். நகல் தரவில்லையென்றால் வெளியே வந்தவுடன் யார் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 61 லாரிக் கணக்கைக் கையால் எழுதியவருக்கு இது ஒரு பக்க வேலை.

சாயங்காலம் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.